ப்ளக்-இன் ஹைப்ரிட் வேகனா, பட்ஜெட் எலெக்ட்ரிக் எஸ்யூவியா? சாக்கெட் சூடாவதால் குழப்பம்

கேள்வி

வணக்கம். வீட்டுக்கு ஒரே கார்தான். இரண்டு வண்டிகளில் வந்து நிற்கிறேன், விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒன்று, இரண்டு வருடம் ஓடிய ப்ளக்-இன் ஹைப்ரிட் வேகன் (செருகி சார்ஜ் செய்யும் பேட்டரியும் பெட்ரோல் எஞ்சினும் உள்ள, பின்பக்கம் நீண்ட கார்). பேட்டரி 13 யூனிட் (கிலோவாட்-மணி), கம்பெனி சொல்லும் மின் ரேஞ்ச் 62 கி.மீ., டிசி ஃபாஸ்ட் சார்ஜ் (சார்ஜிங் நிலையத்தில் வேகமாக ஏற்றும் வசதி) இல்லை. மற்றது, புது எலெக்ட்ரிக் எஸ்யூவி. 60 யூனிட் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, சொல்லும் ரேஞ்ச் 420.

வாரத்தில் ஆறு நாள் போக வர 44 கி.மீ. வருடத்தில் ஐந்து தடவை ஒரு பக்கம் 600 கி.மீ., நான்கு பேர், டிக்கி நிறையச் சாமான். பார்க்கிங்கில் 16 ஆம்பியர் சாக்கெட் உண்டு. அதில் ஒரு எலெக்ட்ரிக் காரைச் செருகிப் பார்த்தபோது 40 நிமிடத்தில் சார்ஜ் நின்றுவிட்டது. ப்ளக்கில் கை வைக்க முடியாத சூடு. அதனால்தான் ஹைப்ரிட் பக்கம் சாய்கிறேன். சரிதானா?

பதில் 1

அந்தச் சூடு எந்த வண்டி என்பதைத் தீர்மானிக்காது. ஹைப்ரிடும் அதே சாக்கெட்டில் அதே 10 ஆம்பியரைத்தான் இழுக்கும். நேரம் மட்டும் மாறும். எதை வாங்கினாலும் முதல் வேலை இதைச் சரிசெய்வது.

எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான சார்ஜர்கள் தொடங்கவே தொடங்காது. உங்களுடையது 40 நிமிடம் ஓடிவிட்டு நின்றிருக்கிறது. ப்ளக்குக்குள் இருக்கும் வெப்ப சென்சார் வெட்டியிருக்க வேண்டும். இதே மாதிரி சாக்கெட்டில் கீசர் போட்டால் கால் மணி நேரத்தில் தானே ஆஃப் ஆகிவிடும், அதற்கு சாக்கெட் தாங்கும். கார் மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். டெர்மினல் ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்திருந்தாலோ, உள்ளே பித்தளை இடுக்கி விரிந்திருந்தாலோ அந்த இடம்தான் சூடாகும்.

எம்சிபியை (அந்த லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து, எலெக்ட்ரீஷியனை வைத்து சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம், வயரின் இன்சுலேஷன் இளகி நிற்பது, கருகிய வாடை, இதில் எது இருந்தாலும் சாக்கெட்டை மாற்றியே ஆக வேண்டும். ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு மறுபடி பயன்படுத்தாதீர்கள், வெப்பத்தில் தளர்ந்த இடுக்கி திரும்ப இறுகாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அறவே வேண்டாம்.

நிரந்தரத் தீர்வு, டிபியிலிருந்து (மின் விநியோகப் பெட்டி) தனி லைன். 16 ஆம்பியர் போதும் என்றால் 4 சதுர மி.மீ. செம்பு. பின்னால் 32 ஆம்பியர் வால் பாக்ஸ் (சுவரில் பொருத்தும் சார்ஜர், 7.4 கிலோவாட்) வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 6 சதுர மி.மீ. இழுத்து 40 ஆம்பியர் எம்சிபி போடுங்கள். தூரம் அதிகம் என்றால் ஒரு சைஸ் கூட்ட வேண்டும். ஆர்சிசிபி (மின் கசிவு வந்தால் லைனை வெட்டும் கருவி) 30 மில்லி ஆம்பியர், 'ஏ' டைப். சார்ஜரில் 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவுப் பாதுகாப்பு இல்லையென்றால் 'பி' டைப். சாதாரண 'ஏசி' டைப் இந்த வேலைக்கு ஆகாது.

பதில் 2

சாக்கெட்டை விட்டுவிட்டு உங்கள் 44 கி.மீ.யைப் பாருங்கள். வேகனுக்கு அது மிக இக்கட்டான எண்.

13 யூனிட்டில் ஓட்டத்துக்குக் கிடைப்பது சுமார் 10. ஏசி போட்டு ஓட்டினால் நிஜத்தில் 45 முதல் 48 கி.மீ. புதிதாக இருந்தபோதே மயிரிழைதான். தினமும் முழுதாக நிரப்பி முழுதாகக் காலி செய்தால் வருடம் 300 சைக்கிள். இரண்டு வருடத்தில் 600 ஆகியிருக்கலாம். பேட்டரி பத்து சதவீதம் தேய்ந்திருந்தால் வீடு வந்து சேரக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு எஞ்சின் எழும். ஆறிக் கிடந்த எஞ்சின், சூடாகுமுன் அணைந்துவிடும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் இறங்கும். எஞ்சினுக்கு இதைவிடக் கெட்ட ஓட்டம் கிடையாது. ஆயிலைக் கிலோமீட்டர் பார்க்காமல் வருடம் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

எஸ்யூவிக்கு அதே 44 கி.மீ. ஏழரை யூனிட், பேட்டரியில் எட்டில் ஒரு பங்கு. சார்ஜிங் இழப்பையும் சேர்த்தால் 8.4 யூனிட். 10 ஆம்பியரில் (2.3 கிலோவாட்) மூன்றே முக்கால் மணி நேரம் போதும், ராத்திரியில் முடிந்துவிடும்.

கம்பெனி சொல்லும் ஹைப்ரிட் மைலேஜை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில் சாலையில் ஓடும் ப்ளக்-இன் ஹைப்ரிட்களின் கரியமில வாயு உமிழ்வு (எரிபொருள் எரிவதைக் காட்டும் எண்) சோதனைக்கூட எண்ணைவிடச் சராசரியாக 3.5 மடங்கு. சோதனையில் கருதிய அளவுக்கு யாரும் சார்ஜ் போடுவதில்லை என்பதுதான் முக்கியக் காரணம்.

பதில் 3

வேகனை அவ்வளவு சுலபமாகத் தள்ள வேண்டாம். அலுவலகத்தில் ஒரு சாக்கெட் கிடைத்தால் ஒரு பக்கம் 22 கி.மீ.தான், பேட்டரி தேய்ந்தாலும் எஞ்சின் எழாது. நெடும்பயணத்தில் லிட்டருக்கு 15 கி.மீ. தரும், எங்கும் காத்திருக்க வேண்டாம். தாழ்ந்த உடல், காற்று எதிர்ப்பும் குறைவு. ட்ரெய்லர் இழுக்கும் வேலை இருந்தாலும் இதுவே வசதி.

ஆனால் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். பல ஹைப்ரிட்களில் அங்கே பேட்டரி உட்கார்ந்திருக்கும், ஸ்டெப்னிக்குப் பதில் பஞ்சர் கிட்தான். பேட்டரியின் எஸ்ஓஎச் (புதிதில் இருந்த கொள்ளளவில் எத்தனை சதவீதம் மிச்சம்) ரிப்போர்ட்டை எழுத்தில் வாங்காமல் முன்பணம் தராதீர்கள். வாரண்டி பொதுவாக 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., ஆனால் 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் செல்லும். 80-இல் நின்றால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

கேட்டவர்

அலுவலகத்தில் சாக்கெட் கிடையாது. 600 கி.மீ.க்கு எஸ்யூவியில் எத்தனை தடவை நிற்க வேண்டும்?

பதில் 2

இரண்டு. மணிக்கு 110-இல் முழுச் சுமையோடு 100 கி.மீ.க்கு 20 யூனிட் என்று வையுங்கள். 100-லிருந்து 10 சதவீதம் வரை, கொஞ்சம் குறைத்தே வைத்தால், 260 கி.மீ. அங்கே 80 வரை ஏற்றினால் இன்னொரு 200. மிச்சம் 140-க்கு 60 வரை ஏற்றினால் போதும். சராசரி 70 கிலோவாட் வாங்கும் வண்டி என்றால் முதல் நிறுத்தம் 35 நிமிடம், அடுத்தது 25. விளம்பரத்தில் உள்ள உச்ச கிலோவாட்டைப் பார்க்காதீர்கள், 10-லிருந்து 80-க்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். 80-க்கு மேல் வேகம் சட்டென விழும், அங்கே காத்திருப்பது வீண்.

வேகத்தை மணிக்கு 120-க்கு ஏற்றாதீர்கள். காற்று எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும், 100-லிருந்து 120 போனாலே 44 சதவீதம் கூடும். ஒரே கன் (வண்டியில் செருகும் சார்ஜிங் கைப்பிடி) உள்ள நிலையத்தை நம்பித் திட்டமிட வேண்டாம். நான்கு கன் உள்ள இடமாகப் பார்த்து, 15 சதவீதம் கையில் இருக்கும்போதே நில்லுங்கள்.

எல்எஃப்பி என்பதால் வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றுங்கள். அதன் வோல்டேஜ் பெரும்பாலும் ஒரே மட்டத்தில் நிற்கும், முழுதாக ஏற்றினால்தான் மீதி எவ்வளவு என்பதை பேட்டரி மேலாண்மை சரியாகக் காட்டும். இல்லையென்றால் 12 சதவீதம் என்று காட்டிக்கொண்டே திடீரென 4-க்கு இறங்கும்.

கேட்டவர்

சாக்கெட்டைத் திறந்தாச்சு. நியூட்ரல் ஸ்க்ரூ அரைச் சுற்று லூஸ், பக்கத்து பிளாஸ்டிக் காபிப் பொடி நிறத்தில் உருகியிருந்தது. 6 சதுர மி.மீ. லைனுக்குச் சொல்லிவிட்டேன். வேகனின் எஸ்ஓஎச் ரிப்போர்ட்டும் வந்தது, 86 சதவீதம்.

பதில் 2

அப்படியானால் ஓடுவது 40 கி.மீ., உங்கள் தேவை 44. தினமும் சாயங்காலம் எஞ்சின் எழும். எஸ்யூவியை எடுங்கள். டெலிவரிக்கு முன் டயர்களின் லோட் இண்டெக்ஸையும் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) குறித்துக்கொள்ளுங்கள், எடை அதிகமான வண்டி, மாற்றும்போது அதற்குக் குறைவானதைப் போடக் கூடாது.