சென்னை டிரெண்டிங் பட்டியல் சென்னையைத்தான் காட்டுகிறதா?

முடிச்சூர்க்காரன்:
எங்கள் வட்டாரத்துக்குச் சின்னதாக ஒரு செய்திப் பக்கம் நடத்துகிறேன். தினமும் எதை எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தின் சென்னை டிரெண்டிங்கைப் பார்த்து எழுதலாம் என்றிருக்கிறேன். தேடலில் இடமும் தூரமும் கொடுத்தால் தாம்பரத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் வந்த பதிவுகளையும் எடுக்கலாம். ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழகத்தார் 2010இலேயே ட்வீட்டுகளை வைத்து நிலநடுக்கம் எங்கே என்று கணித்துக் காட்டினார்கள். நமக்கு முடியாதா?

எண்ணூர் வாசி:
நிலநடுக்கத்துக்கு ரசிகர் மன்றம் கிடையாது தம்பி. சென்னைப் பட்டியலைத் திறந்து பாருங்கள், பாதி நாள் ஏதாவது ஒரு நடிகரின் பிறந்தநாள். "மாலை 6 மணிக்கு டேக்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்து, எல்லோரும் ஒரே ஹேஷ்டேக்கைப் போட்டு ஏற்றுகிறார்கள். அந்தப் பட்டியல் அதிகம் பேசப்படுவதை எடுப்பதில்லை, திடீரென்று எகிறுவதைத்தான் எடுக்கிறது. எங்கள் பக்கம் சாம்பல் கழிவும் புகையும் வருஷம் முழுக்க இருக்கிற பிரச்சினை. எகிறவே எகிறாது.

முடிச்சூர்க்காரன்:
சினிமா டேக்கை வடிகட்டிவிடலாம் அண்ணே. அதனால்தான் 10 கிலோமீட்டர் தேடலையும் சொன்னேன்.

தரவுப்பித்தன்:
அதில்தான் பெரிய ஓட்டை. பதிவில் இருப்பிடம் இல்லையென்றால் அந்தத் தேடல் புரொஃபைலில் எழுதியிருக்கும் ஊரை எடுத்துக்கொள்கிறது. என் சித்தப்பா மகன் துபாய் போய் எட்டு வருடம் ஆகிறது, புரொஃபைலில் இன்னும் "தாம்பரம்"தான். துபாய் வெயிலைப் பற்றி அவன் புலம்பினால் அது உங்கள் வட்டத்துக்குள் வரும். உண்மையான இருப்பிடத்தோடு பதிவு போடுபவர்கள் எப்போதுமே கொஞ்சம் பேர்தான். பெரும்பாலானோர் பயன்படுத்துவதில்லை என்று சொல்லித்தான் 2019இல் துல்லிய இருப்பிட வசதியை ட்விட்டரே எடுத்தது. தரவை இலவசமாக எடுக்கும் வழியும் 2023இல் அடைபட்டது.

முடிச்சூர்க்காரன்:
2015 டிசம்பர் வெள்ளத்தில் யார் எங்கே மாட்டியிருக்கிறார்கள், எங்கே சாப்பாடு வேண்டும் என்பதெல்லாம் ட்விட்டரில்தானே தெரிந்தது? அதை மறந்துவிட்டீர்களா?

எண்ணூர் வாசி:
மறக்கவில்லை. ஆனால் அது ஜிபிஎஸ் சொன்னதல்ல. ஆட்கள் தெருப்பெயர், போன் நம்பர், மாடி எண் வரை கையால் எழுதினார்கள். 2023 மிக்ஜாம் புயலில் என்ன ஆனது? கரண்ட் இல்லை, பல இடங்களில் டவரும் இல்லை. தண்ணீர் அதிகம் நின்ற இடம்தான் உங்கள் வரைபடத்தில் அமைதியாக இருந்திருக்கும். வாசல்படி வரை மட்டும் தண்ணீர் வந்தவர்கள் போட்டோ போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தரவுப்பித்தன்:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். ஜகார்த்தாவில் 2014 கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். யாராவது "பஞ்சிர்" (அவர்கள் மொழியில் வெள்ளம்) என்று ட்வீட் போட்டால் ஒரு தானியங்கிக் கணக்கு பதில் போடும்: இருப்பிடத்தை ஆன் செய்து உறுதிப்படுத்துங்கள் என்று. ஊகிக்காமல் கேட்டு வாங்கினார்கள், அவ்வளவுதான்.

எண்ணூர் வாசி:
கேட்டு வாங்கினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லாமல் எடுப்பதுதான் பிடிக்கவில்லை. ஒரு தெருவில் மூன்று பேர்தான் பதிவு போடுகிறார்கள் என்றால், "வட்டார டிரெண்டிங்" என்பது அந்த மூன்று வீட்டை விரல் நீட்டிக் காட்டுவது.

முடிச்சூர்க்காரன்:
சரி, இப்படிச் செய்கிறேன். டிரெண்டிங் பட்டியலை விட்டுவிடுகிறேன். ஏரி, தெரு, பஸ் ரூட் பெயர்களை வைத்து மட்டும் தேடிப் பார்க்கிறேன். வருகிற தலைப்பைப் பக்கத்தில் போட்டு, அந்தத் தெருக்காரர்களையே உண்மையா என்று கேட்கிறேன்.

தரவுப்பித்தன்:
தேடும்போது தமிழில் மட்டும் தேடாதீர்கள். "தண்ணி" என்பதை நம் ஆட்கள் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக அடிக்கிறார்கள். வேளச்சேரிக்கு நான் எண்ணியவரை ஐந்து.