கெராக் கோட்டை ரெனால்ட்: வெறும் கொள்ளைக்காரனா?

பாலைக்காற்று:
1187இல் ஜெருசலேம் சிலுவைப் போர்க்காரர்களின் கையை விட்டுப் போனதற்கு முதல் குற்றவாளி ஷாத்தியோன் ரெனால்ட்தான். சொத்தில்லாத இளைய மகனாகப் பிரான்ஸிலிருந்து வந்தவன், அந்தியோக்கியா இளவரசியைக் கட்டிக்கொண்டு திடீர்ப் பிரபு ஆனான். சைப்ரஸ் தீவைக் கொள்ளையடிக்கப் பணம் தரவில்லை என்று அந்நகரின் தலைமைக் கிறிஸ்தவ குருவான வயதான பிதாப்பிதா எமெரியை அடித்து, தலைக் காயத்தில் தேனைத் தடவி, கோட்டை உச்சியில் கோடை வெயிலில் உட்காரவைத்தான். ஈ மொய்த்தது, பணமும் வந்தது! இவனுக்கு வக்காலத்து வேறா?

கோட்டைவாசல்:
தேன் கதையை நானும் மறுக்கவில்லை. ஆனால் அலெப்போ சிறையில் பதினைந்து வருடம் கிடந்து 1176இல் வெளியே வந்த ரெனால்டைப் பாருங்கள். இரண்டாம் கல்யாணத்தில், இன்றைய ஜோர்டானில் உள்ள கெராக் கோட்டை கிடைத்தது. கெய்ரோ–டமாஸ்கஸ் பாதை அதன் காலடியில். எகிப்தையும் சிரியாவையும் முஸ்லிம் சுல்தான் சலாவுதீன் ஒன்று சேர்க்க விடக்கூடாது என்று அந்தக் கழுத்தைப் பிடித்தவர் இவர்தான். கப்பல்களைத் துண்டு துண்டாக ஒட்டகத்தில் ஏற்றிச் செங்கடலில் இறக்க வேறு யாருக்குத் தோன்றியது?

பாலைக்காற்று:
தோன்றியது சரி, முடிவு? 1183க்குள் அந்தக் கப்பல்கள் ஒழிந்தன. பிடிபட்டவர்களில் இருவரை மெக்காவுக்குப் பக்கத்து மினாவுக்குக் கொண்டுபோய் வெட்டினார்கள். ஹஜ் பாதையில் கைவைத்ததால் சலாவுதீனுக்கு அது சொந்தப் பகையாகிவிட்டது. அப்புறம் போர்நிறுத்தம் இருக்கும்போதே வணிகக் கூட்டத்தை மறித்தான். ஜெருசலேம் மன்னர் கை (Guy) சொல்லியும் பறித்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மூன்றாம்கரை:
கூட்டத்தோடு ஆயுதப் படையும் போனது என்று வரலாற்றாசிரியர் இப்னு அல்-அதீரே எழுதுகிறார். அதில் சலாவுதீனின் சகோதரி இருந்தார் என்பது பிற்பாடு ஒட்டிய கதை. ஜெருசலேமை இழக்கவைத்த 1187 ஹத்தீன் போர்த் தோல்விக்குக் காரணம் வேறு. சிலுவைப் படை முகாமிட்டிருந்த சஃபூரியாவில் ஊற்று நீர் இருந்தது. ஜூலை வெயிலில் அதை விட்டுக் கிளம்ப வேண்டாம் என்றவர் திரிப்போலிப் பிரபு ரேமண்ட். அவர் மனைவியே திபேரியாவில் சலாவுதீனின் முற்றுகையில் இருந்தார்! ராத்திரியில் மன்னர் மனதை மாற்றியவர் டெம்ப்ளர் என்ற துறவிப் போர்வீரர் அமைப்பின் தலைவர் ஜெரார்ட்.

பாலைக்காற்று:
அந்த ஆலோசனையில் ரேமண்டைக் கிண்டலடித்து, போகத்தான் வேண்டும் என்று நின்றவன் யார்? ரெனால்ட். அதையும் அதே இப்னு அல்-அதீர்தான் எழுதியிருக்கிறார். உங்களுக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் படித்தால் எப்படி?

கோட்டைவாசல்:
அவர் சலாவுதீன் காலத்து முஸ்லிம் வரலாற்றாசிரியர், ரெனால்டை எதற்குப் புகழப்போகிறார்? சிலுவைப் போர்க்காரர் பக்கத்து ஆசிரியர் என்று நீங்கள் நம்பும் தீர் (Tyre) நகர வில்லியமோ ரேமண்டின் ஆள். இரண்டு எதிரிகள் எழுதி வைத்ததை வைத்துத்தான் இத்தனை காலமாகத் தீர்ப்பு.

பாலைக்காற்று:
தேனைத் தடவியதும் எதிரி எழுதியது என்று நாளைக்குச் சொல்வீர்கள். சைப்ரஸை ஆண்ட பைசாந்தியப் பேரரசர் மனுவேல் முன்னால் 1159இல் வெறுங்காலோடு மண்ணில் விழுந்ததற்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறீர்கள், சொல்லுங்கள்.