வாரம் 4,000 ரூபாய், தனி அறை: வியாழனோடு காசு முடிந்துவிடுகிறது, எங்கே ஓட்டை?

கொக்குவில் அறை எழுதியது:

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து வந்து கொக்குவிலில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் வேலை. சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம். வாடகை, மின்சாரம், வீட்டுக்கு அனுப்பும் காசு எல்லாம் ஒதுக்கிய பிறகு சாப்பாட்டுக்கும் சவர்க்காரம் போன்றவற்றுக்கும் தொலைபேசிக்குமாக 4,000 ரூபாய் கையில் நிற்கிறது. சைக்கிள் இருப்பதால் பஸ் செலவு இல்லை. வெற்றிலை, சிகரெட், குடி எதுவும் இல்லை. ஆனாலும் வியாழக்கிழமை இரவோடு பணப்பை காலி.

இந்த வாரக் கணக்கு இது. சம்பளம் எடுத்த கையோடு பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். நாட்டரிசி இரண்டு கிலோ 460, மரக்கறி எல்லாமாக 750, தேங்காய் இரண்டு 360, முட்டை ஆறு 200, வெங்காயமும் பச்சை மிளகாயும் உள்ளியும் 300, மைசூர்ப் பருப்பு கால் கிலோ 75. பிறகு சந்திக் கடையில் பால்மா, சீனி, மிளகாய்த்தூள், சலவைத்தூள், ஷாம்பு எல்லாம் சின்னச் சின்னப் பைக்கற்றாக 500. அன்று இரவே 2,645 போய்விட்டது. அதன் பிறகு தொலைபேசிக்கு 200, வேலையிடத்தில் பத்து மணித் தேநீரும் வடையும் நாளுக்கு 130, சோறு கொண்டுபோகாத இரண்டு நாள் மதியப் பார்சல் 600. வியாழன் இரவு எண்ணிப் பார்த்தால் 35 ரூபாய்.

அறையில் 2.3 கிலோ காஸ் சிலிண்டர், ஒற்றை அடுப்பு, ரைஸ் குக்கர், ஒரு சட்டி, ஒரு தாச்சி இருக்கின்றன. குளிர்சாதனப்பெட்டி இல்லை. குறைத்துச் சாப்பிடச் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமைகளில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

சுன்னாகத்து அக்கா:

தம்பி, இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவருக்குப் புத்திமதி தேவையில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இந்த வாரம் குப்பைக்கு என்ன போனது?

கொக்குவில் அறை:

கீரை ஒரு கட்டு முழுதாக. போஞ்சியில் பாதி. தக்காளி இரண்டு மூன்று அழுகிவிட்டன. அரைத் தேங்காய் புளித்துவிட்டது. காலையில் வைத்த பால்கறி ஒரு நாள் மதியம் திறந்தபோது மணத்தது. அன்றுதான் முதல் பார்சல் வாங்கினேன்.

சுன்னாகத்து அக்கா:

அப்படியென்றால் ஓட்டை அங்கேதான். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு வாங்குவதுபோல் சனிக்கிழமை ஒரே தடவையில் வாங்குகிறீர்கள். குளிர்சாதனப்பெட்டி இல்லாத அறையில், இந்த வெயிலில், சனிக்கிழமைக் கீரை செவ்வாய் வரை எப்படி நிற்கும்?

உலர்ந்த சாமானையும் பச்சைச் சாமானையும் வேறு வேறு காசாகப் பிரியுங்கள். அரிசி, பருப்பு, தூள், சீனி, எண்ணெய், சவர்க்காரம் எல்லாம் கெடாதவை. பச்சை மரக்கறிக்குச் சனிக்கிழமை 250 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். கொக்குவிலிலிருந்து திருநெல்வேலிச் சந்தை சைக்கிளுக்கு ஒரு தூரமா? செவ்வாய் மாலை வேலை முடிந்து வரும் வழியில் இன்னொரு 200 ரூபாய்க்கு வாங்கலாம். பொழுதுபடும் நேரத்தில் வியாபாரிகள் மிஞ்சியதைத் திரும்பக் கொண்டுபோக விரும்பமாட்டார்கள். பேரம் பேசாமலே விலை இறங்கும்.

சமைக்கும் ஒழுங்கும் முக்கியம். கீரை வாங்கிய அன்றிரவே. மறுநாள் வெண்டிக்காய், பயற்றங்காய், போஞ்சி. அதற்குப் பிறகு கத்தரிக்காய். வாழைக்காயும் உருளைக்கிழங்கும் கடைசி நாட்களுக்கு. பூசணி மலிவாகத் தெரியும், ஆனால் வெட்டிய துண்டு அடுத்த நாளே கொழகொழத்துவிடும். அன்றைக்கே சமைப்பதானால் மட்டும் வாங்குங்கள்.

மதியத்துக்குக் கட்டும் கறியில் தேங்காய்ப்பால் விடாதீர்கள். பால்கறியை இரவுச் சாப்பாட்டுக்கு வையுங்கள். காலையில் புளிக்கறி, பிரட்டல், வறை, இல்லாவிட்டால் முட்டைப் பொரியல். வறைக்குத் தேங்காய்ப்பூ போட்டால் நன்றாக வதக்கி இறக்குங்கள். சோற்றைச் சுடச்சுட மூடிக் கட்டாமல் ஆவி போனபிறகு கட்டுங்கள். பார்சல் 300 ரூபாய். வீட்டுச் சோற்றில் ஒருவருக்கு நூறு கிராம் அரிசி போதும், அது 23 ரூபாய். கறி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சேர்த்தாலும் நூறு ரூபாயைத் தாண்டுவது கடினம்.

நேர்பேச்சு:

ஏன் இவ்வளவு நீட்டுகிறீர்கள்? பத்து மணித் தேநீரையும் வடையையும் நிறுத்தினால் மாதம் மூவாயிரத்துக்கு மேல் மிச்சம். முடிந்தது கதை.

ஓய்வுபெற்ற தாதி:

முடியவில்லை. தனியாக இருக்கும் பிள்ளை ஒரு நாளில் நாலு பேரோடு நின்று கதைக்கும் நேரம் அந்தப் பத்து மணி. தேநீர் இருக்கட்டும். வடைக்குப் பதிலாக அவித்த கடலையோ புழுக்கொடியலோ கொண்டுபோகலாம். புழுக்கொடியலும் இரண்டு தேங்காய்ச் சொட்டும் மென்றால் பன்னிரண்டரை வரை பசி எட்டிப் பார்க்காது. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது என்பதால் மாதக்கணக்கில் கெடாது. பாற்தேநீரை வெறுந் தேநீராக்கினால் அதிலும் கொஞ்சம் மிஞ்சும்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு வாரத்துக்குக் கால் கிலோ பருப்பும் ஆறு முட்டையும் மட்டும் என்றால் உடம்பில் புரதம் போதாது. மைசூர்ப் பருப்பு நூறு கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6 கிராம். விலையைப் பார்த்தால் பருப்பை அடிக்க ஆள் இல்லை. வாரத்துக்கு அரைக் கிலோவாக ஆக்குங்கள், கூடுவது 75 ரூபாய்தான். கௌபி, பயறு, கடலை ஒன்றை இரவில் ஊறவைத்து அவித்தால் காலைச் சாப்பாடே அதுதான். பால்மாச் சின்னப் பைக்கற்றுக்குக் கொடுக்கும் காசுக்கு நெத்தலிக் கருவாடு வாங்கலாம். முள்ளோடு சாப்பிடுவதால் கல்சியமும் கிடைக்கும்.

முருங்கையிலையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். கொக்குவிலில் வேலியோரம் முருங்கை நிற்காத ஒழுங்கை இருக்கிறதா என்ன? கேட்டால் கொப்பே முறித்துத் தருவார்கள்.

கோண்டாவில் கடைக்காரன்:

தம்பி, நான் பலசரக்குக் கடை வைத்திருப்பவன், அதனால் என் பக்கத்துக் கதையையும் கேளும். சின்னப் பைக்கற்றில் விற்பது உம்மைப் போன்றவர்களின் கைக்கு அடக்கமாகத் தெரிவதற்காகத்தான். கிராம் கணக்குப் போட்டுப் பார்த்தால் மிளகாய்த்தூளும் சலவைத்தூளும் அப்படி வாங்கும்போது விலை கூடிவிடும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பெரிதாக வாங்க உம்மிடம் காசு இல்லை, அது விளங்குகிறது. வாரத்துக்கு ஒன்றைப் பெரிதாக வாங்கும். இந்த வாரம் மிளகாய்த்தூள் அரைக் கிலோ, அடுத்த வாரம் சலவைத்தூள், அதற்கடுத்து எண்ணெய் ஒரு போத்தல். ஒரு மாதம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், பிறகு சந்திக் கடைக்கு 500 ரூபாயோடு போகவேண்டி வராது. ஷாம்பு மட்டும் சின்னப் பைக்கற்றே நல்லது. போத்தல் இருந்தால் கை தாராளமாக ஊற்றும்.

உள்ளி, பெருஞ்சீரகம், பழப்புளி போன்றவற்றை நூறு கிராம், ஐம்பது கிராம் என்று நிறுத்துக் கேட்கக் கூச்சப்படாதேயும். நாங்கள் முகம் சுளிப்பதில்லை. சுளிப்பவனிடம் போகாதேயும்.

அரிசி விடயம். 2024 டிசம்பரில் வந்த வர்த்தமானிப்படி நாட்டரிசிக்கு 230, பச்சையரிசிக்கு 220, சம்பாவுக்கு 240 என்று உச்ச சில்லறை விலை வைத்தார்கள். எங்கள் மொட்டைக்கறுப்பன் அரிசிக்குக் கடைக்குக் கடை விலை மாறும். இரவுப் புட்டுக்குப் பச்சையரிசி மாவையும் கோதுமை மாவையும் பாதிப் பாதி கலந்தால் செலவு குறையும்.

கடன் கொப்பி திறந்து தருவதாக யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லும். நானும் கொப்பி வைத்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை எடுப்பது சனிக்கிழமைச் சம்பளத்தில் கழியும். பிறகு உமக்குப் புதன்கிழமையே வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

ஆறுகால்மடம் வயர்மன்:

காஸ் பற்றி யாரும் எழுதவில்லை. 2.3 கிலோ சிலிண்டர் வைத்திருப்பதால் நட்டம் என்று சிலர் சொல்வார்கள். கிலோவுக்கு வகுத்துப் பார்த்தால் பெரிய சிலிண்டருக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மாற்றத் தேவையில்லை. பருப்பை அரை மணி நேரம் ஊறப்போட்டு, மூடிபோட்டு அவித்தால் போதும்.

ரைஸ் குக்கர் 400, 500 வாட்ஸ் என்றால் ஒரு தடவை சோறு வேகக் கால் அலகு மின்சாரம் பிடிக்கும். அதன் மேல்தட்டில் முட்டையையோ கிழங்கையோ அதே ஆவியில் அவித்து எடுக்கலாம். சோறு வெந்ததும் செருகியைக் கழற்றிவிடுங்கள், ‘வார்ம்’ நிலையில் விடாதீர்கள். வீட்டுக்காரர் அலகுக்கு எவ்வளவு கணக்கிட்டு வாங்குகிறார் என்பதையும் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய கட்டணம். உங்கள் அறையின் பாவனை அவருடைய மின்பட்டியலையும் அந்த எல்லைக்கு மேல் தள்ளிவிடலாம், ஆகவே அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கலாம்.

கொக்குவில் அறை:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி மரக்கறியை இரண்டு தடவையாகப் பிரித்தேன். இந்த வாரம் குப்பைக்கு எதுவும் போகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை கையில் 400க்கு மேல் இருந்தது. வடையை விட்டேன், தேநீரை விடவில்லை. மிளகாய்த்தூள் பெரிதாக வாங்கியதால் எண்ணெயில் கொஞ்சம் இழுபறி.

மூன்று சந்தேகம். அரைத் தேங்காயை எப்படிக் காப்பாற்றுவது? அரிசியை ஐந்து கிலோவாக வாங்கினால் வண்டு வராதா? கருவாடு எனக்குப் பிடிக்கும், ஆனால் வீட்டுக்காரர் சைவம். என்ன செய்யலாம்?

சுன்னாகத்து அக்கா:

தேங்காயை உடைத்ததும் கண் உள்ள பாதியை முதலில் துருவுங்கள், அதுதான் முதலில் பழுதாகும். மற்றப் பாதியின் உட்புறத்தில் உப்பைத் தடவிக் கவிழ்த்து வைத்தால் அடுத்த நாள் வரை நிற்கும். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் துருவிய பூவைத் தாச்சியில் ஈரம் போக வறுத்து, செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்து இடித்துவிடுங்கள். வறுத்து இடித்த சம்பலைக் காய்ந்த போத்தலில் போட்டு, ஈரக் கரண்டி படாமல் எடுத்தால் சில நாள் தாங்கும். பாணுக்கும் சரி, புட்டுக்கும் சரி, அவசரத்துக்குச் சோற்றுக்கும் சரி. இரவில் மிஞ்சும் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பழஞ்சோறாகச் சாப்பிட்டால் பாண் செலவும் இல்லை.

அரிசிக்குள் நாலைந்து செத்தல் மிளகாய் அல்லது நிழலில் காய்ந்த வேப்பிலை போட்டு இறுக்கமாக மூடுங்கள். தகரப் பேணி இருந்தால் நல்லது.

ஓய்வுபெற்ற தாதி:

கருவாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். சைவ வீட்டில் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் அங்கே சமைக்காதீர்கள். உங்களுக்கு அறை தந்தவர்களின் மனதை நெத்தலிக்காக நோகடிக்கத் தேவையில்லை. சம்மதித்தால் பொரிக்காமல் சுடுதண்ணீரில் கழுவிக் கத்தரிக்காயோடு குழம்பாக வையுங்கள், வாசனை குறையும். சம்மதிக்காவிட்டால் கடலையும் சோயாமீற்றும் இருக்கின்றன. மீன் ஆசை வந்தால் ஒரு நாள் வெளியில் சாப்பிடுங்கள், அதற்கென்று 300 ஒதுக்கி வையுங்கள். திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்திலும் மலிவாக நல்ல சாப்பாடு கிடைக்கும், அங்கே எல்லாம் சைவம்தான்.

கோண்டாவில் கடைக்காரன்:

ஒன்று விட்டுப்போனது. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் திருவிழாக் கொடியேறப் போகிறது. 25 நாளும் ஊரில் பாதிப் பேர் சைவம், மரக்கறி விலை ஏறும். பருப்பு, கடலை, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றை இந்தச் சனிக்கிழமையே கொஞ்சம் கூடுதலாக வாங்கி வையும். எண்ணெய் அடுத்த வாரம் வரை இழுபட்டால் பரவாயில்லை. வெங்காயத்தைப் பொலித்தீன் பையில் கட்டி வைக்காதேயும், காற்றோட்டமாகக் கூடையில் போட்டு வையும்.