கயிற்றில் இருந்த என் நாய் கடித்தது, அவிழ்த்துவிட்ட நாய்க்குக் காது கிழிந்தது: பில் யாருடையது?

மிளகு_வீடு | ஞாயிறு, இரவு 9.10

திருவான்மியூர்வாசி. வீட்டில் மிளகு என்று ஒரு நாட்டு நாய். கறுப்பு, பெண், நாலு வயது. ஐந்து மாதக் குட்டியாக ஈ.சி.ஆர். ஓரம் கிடந்தவள். இரண்டு நாய்கள் சேர்ந்து பின்னங்காலைக் குதறிப் போட்டிருந்தன. மனிதர்கள் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் முன்பின் தெரியாத நாய் நேராக ஓடி வந்தால் வேறு ஆளாகிவிடுவாள். ரியாக்டிவ் என்கிறார்களே, அதுதான். அதனாலேயே ஊர் எழுந்திருக்கும் முன்பு கூட்டிப்போய்க் கூட்டிவந்துவிடுவேன்.

இன்று காலை 5.40. பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச்சின்னத்தைத் தாண்டி ஆள் குறைவான பக்கம். மிளகு ஒன்றரை மீட்டர் கயிற்றில். தண்ணீர் ஓரத்திலிருந்து ஒரு லேப்ரடார் எங்களைப் பார்த்ததும் பாய்ந்து வருகிறது. கழுத்தில் பட்டை இருக்கிறது, கயிறு இல்லை. "சார், கூப்பிடுங்க, இவ கடிப்பா" என்று கத்தினேன். அவர் காதிலிருந்து போனை எடுக்காமலே "ஒண்ணும் பண்ணாது மேடம், ஃப்ரெண்ட்லி" என்றார். நான் நடுவில் புகுந்து நின்றேன். அது என்னைச் சுற்றிக்கொண்டு போய் மிளகின் மூஞ்சியில் மூஞ்சியை வைத்தது. மூன்று விநாடி. அப்புறம் காது.

சின்னக் கிழிசல்தான். ஆனால் அது தலையை உதற உதற என் சட்டை, அவர் பேண்ட், மணல் எல்லாம் ரத்தப் புள்ளி. மாலையில் தெரிந்தவர் மூலமாக பில் வந்திருக்கிறது. நாலு தையல், ஊசி, மருந்து, 6,800 ரூபாய். நான் கட்ட வேண்டுமா?

கடல்காத்து | ஞாயிறு, இரவு 9.34

கட்டத்தான் வேண்டும். கோபப்படாமல் கேளுங்கள். என்னிடமும் லேப் இருக்கிறது, ஆறு வருடமாக அதே கடற்கரையில் அவிழ்த்துத்தான் விடுகிறேன். இரண்டு நாய்கள் சந்தித்தன. ஒன்று முகர்ந்தது, ஒன்று கடித்தது. கடிக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது, கத்தியும் இருக்கிறீர்கள். தெரிந்தும் வாய்மூடி போடாமல் பொது இடத்துக்கு ஏன் கூட்டி வந்தீர்கள்?

இன்னொன்று. 900 சதுர அடி ஃபிளாட்டில் 32 கிலோ நாயை வைத்துக்கொண்டு, தெருவில் அரை மணி நேரம் கயிற்றில் இழுத்துக்கொண்டு போனால் அதற்குப் பெயர் நடையா? அது ஓட வேண்டும். ஓடாத, பழகாத நாய்தான் கடைசியில் இப்படி ஆகிறது.

ராஜபாளையத்துக்காரன் | ஞாயிறு, இரவு 10.02

கடல்காத்து அண்ணே, மிளகு பழகாததால் அப்படி ஆகவில்லை. பழகிய விதத்தால் ஆனது. குதறப்பட்ட குட்டி அது. குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரை பார்ப்பதெல்லாம் மனதில் ஒட்டிக்கொள்ளும் காலம். மிளகுக்கு அதில் என்ன நடந்ததென்று யாருக்கும் தெரியாது. அதைத் தாண்டி வந்த முதல் பாடமே கடி.

"முகர்ந்தது" என்றீர்களே, அதையும் சொல்கிறேன். ஒழுங்காகப் பழகிய இரண்டு நாய்கள் சந்திப்பதைக் கவனியுங்கள். நேராக வராது. வளைந்து வரும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பின்பக்கம்தான் முதலில் முகரும். நேர்க்கோட்டில் ஓடி வந்து மூஞ்சிக்கு எதிரே நிற்பது நாய் பாஷையில் சட்டையைப் பிடிக்கிற மாதிரி. உங்கள் லேப் நல்லவனாகவே இருக்கட்டும், நடத்தை தெரியாத நல்லவன். எதிரே இருப்பவளோ கயிற்றில் இருக்கிறாள், விலகிப் போக வழியில்லை. ஓட முடியாத நாய்க்கு மிச்சம் இருப்பது பல் மட்டும்தான்.

மாலை_நடை_68 | திங்கள், காலை 6.15

நான் நாய் வளர்ப்பவன் இல்லை. நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு "ஒண்ணும் பண்ணாது சார்" என் கெண்டைக்காலில் பல் பதித்தது. அரசு மருத்துவமனையில் முதல் நாள், 3, 7, 28 என்று நாலு தவணை ஊசி. நாய்க்காரர் முதல் தவணைக்கு மட்டும் கூட வந்தார்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே யாராவது எப்படியும் 291 என்று ஆரம்பிப்பார்கள். பாரதிய நியாய சன்ஹிதா 291ஆவது பிரிவு, பழைய இ.பி.கோ. 289. தன் வசமுள்ள பிராணியை அலட்சியமாக விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அது மனித உயிருக்கோ, மனிதருக்குக் கொடுங்காயத்துக்கோ ஆபத்து இருந்தால்தான். நாயின் காது அதில் வராது. உங்கள் விஷயம் சிவில். 6,800 ரூபாய்க்கு வழக்குப் போட்டால் வக்கீல் பீஸ் அதைவிட அதிகம்.

கயிறு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பூங்காவில் 5 வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் கடித்தனவே, அதற்குப் பிறகு மாநகராட்சி பொது இடத்தில் கயிறும் வாய்மூடியும் வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்தச் சகோதரியிடம் இரண்டில் ஒன்று இருந்தது. அவரிடம் ஒன்றுமே இல்லை.

கடல்காத்து | திங்கள், காலை 8.20

ஐயா, உங்கள் கால் விஷயத்தில் வருத்தம்தான். ஆனால் ராட்வைலரையும் என் லேபையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். விதி என்றால் எல்லாருக்கும் விதி. மேடம் வாய்மூடி போட்டிருந்தால் இன்றைக்கு ஒரு நாய்க்குக் காது முழுசாக இருந்திருக்கும். இதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

மிளகு_வீடு | திங்கள், காலை 8.41

நான் சொல்கிறேன். போட்டுப் பார்த்தேன். கடையில் கொடுத்தது துணி மூடி, வாயை இறுக்கிப் பிடிக்கிற வகை. நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பதே மூச்சு இரைத்துத்தான். மூச்சு இரைக்கவே முடியாமல் பத்து நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதிகாலை 5 மணிக்கே சட்டை நனைகிற ஊர் இது. அன்றோடு தூக்கிப் போட்டேன். அது என் தப்பாக இருக்கலாம், வேறு வகை தேடியிருக்க வேண்டும்.

ராஜபாளையத்துக்காரன் | திங்கள், காலை 9.05

துணி மூடி ஊசி போடும் இரண்டு நிமிடத்துக்கு. நடைக்கு வேண்டியது கூடை மாதிரி இருக்கும் வகை. எங்கள் பக்கம் பயிருக்கு நடுவே உழப்போகும் மாட்டுக்கு வாய்க்கூடு கட்டுவார்களே, அதே யோசனை. உள்ளே வாயை முழுசாகத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கம்பி இடைவெளியில் தின்பண்டம்கூட வாங்கலாம், கடிக்க மட்டும் முடியாது.

கடல்காத்து அண்ணனின் இந்த ஒரு பாயிண்ட்டை நான் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டு ராஜபாளையத்துக்கும் இதே குணம். அப்பா ஒருவரைத் தவிர யார் சொன்னாலும் கேட்க மாட்டான். நாங்கள் கூடை போட்டுத்தான் வெளியே எடுக்கிறோம். அடுத்தவன் தப்புக்கு என் நாய் பழி சுமக்கக் கூடாது என்பதற்காக.

சோறு_வைக்கிறவள் | திங்கள், பகல் 12.30

நில்லுங்கள். வாயைப் பூட்டிவிட்டு எங்கள் தெரு வழியாக வந்து பாருங்கள். ஏழு நாய்களுக்கு நான் சோறு வைக்கிறேன். எல்லாவற்றுக்கும் கருத்தடை ஆகி, காதில் அடையாள வெட்டும் இருக்கிறது. இருந்தாலும் வெளி நாய் வந்தால் விரட்டத்தான் செய்யும், அது அவற்றின் எல்லை. வாய் பூட்டிய நாய் அங்கே என்ன செய்யும்?

கடற்கரையில் அவிழ்த்துவிட்ட வளர்ப்பு நாயைப் பற்றிப் பேச ஆரம்பித்து, "கயிறில்லாத நாய் எல்லாம்" என்று முடிப்பார்கள், அப்புறம் தெருநாய் தலையில் வந்து விழும். ஆகஸ்ட் 2025இல் உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்களை எல்லாம் பிடித்து அடை என்று 11ஆம் தேதி சொல்லிவிட்டு, 22ஆம் தேதி கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு விட்டுவிடு, வெறியும் ஆக்ரோஷமும் உள்ளதை மட்டும் வை என்று மாற்றியதே, அந்தப் பத்து நாளில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கயிறு பிடிக்க ஆள் இருந்தும் பிடிக்காதவரையும், ஆளே இல்லாத நாயையும் ஒன்றாக்காதீர்கள்.

மிளகு_வீடு | திங்கள், பகல் 1.10

அக்கா, நிஜமாகச் சொன்னால் தெருநாய்கள் எனக்குப் பிரச்சினையே இல்லை. அவை எங்கே இருக்கும் என்று தெரியும். பெட்டிக்கடை முன்னால் நாலு, டிரான்ஸ்பார்மர் அடியில் இரண்டு. அவற்றின் தெரு முடிந்ததும் குரைப்பும் நின்றுவிடும். எதிர்ப்பக்கம் போய், நிறுத்தியிருக்கும் கார்களை இடையில் விட்டுக்கொண்டு மெதுவாக நடந்தால் தாண்டிவிடலாம். லேபுக்கு எல்லை கிடையாது. எங்கிருந்து வரும் என்றும் தெரியாது.

செயின்_மாஸ்டர் | திங்கள், மாலை 5.00

இவ்வளவு பேச்சு எதற்கு? இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின் போடு, உறுமினால் ஒரு சுண்டு சுண்டு. ஒரே வாரத்தில் சத்தம் நின்றுவிடும். முப்பது வருடமாக இப்படித்தான் பழக்குகிறோம்.

ராஜபாளையத்துக்காரன் | திங்கள், மாலை 5.22

சத்தம் நிற்கும், பயம் நிற்காது. எதிரே நாய் தெரியும்போதெல்லாம் கழுத்து நெரிந்தால், நாய் வந்தாலே வலி வரும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். உறுமல் என்பது எச்சரிக்கை மணி. மணியைக் கழற்றிவிட்டால் அடுத்த தடவை உறுமாமல் கடிக்கும். அப்புறம் "திடீர்னு கடிச்சிருச்சு சார்" என்பீர்கள்.

மேடம், உங்களுக்கு. மிளகு எவ்வளவு தூரத்தில் இன்னொரு நாயைப் பார்த்தும் ஈரல் துண்டை வாங்கித் தின்கிறாள்? அதுதான் உங்கள் தூரம். 30 மீட்டரில் தின்று 20இல் தின்ன மறுத்தால், வேலை 30இல்தான். நாய் தெரிந்ததும் ஈரல், நாய் மறைந்ததும் ஈரல் நின்றது. அவ்வளவுதான். மாதக்கணக்கில் ஆகும், இரண்டடி முன்னேறினால் ஒரு அடி பின்னால் போகும். வெடிச்சத்தம் கேட்ட மறுநாளும், தெருவில் ஒரு சண்டை முடிந்த மறுநாளும் கூட்டிப் போகாதீர்கள். முதல் நாள் பதற்றம் அன்றைக்கே இறங்காது. இன்று கூட்டிப் போயிருந்தால், போதும், நாளைக்கு வீட்டிலேயே ஈரலை ஒளித்து வைத்துத் தேட விடுங்கள்.

ஓடி வருகிற நாய்க்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரு கைப்பிடி தின்பண்டத்தை அதன் முகத்தை நோக்கி வீசுங்கள். லேப் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு நின்றுவிடும், அதன் ஜாதி அப்படி. (அண்ணே, கோபிக்க வேண்டாம்.) அந்த ஐந்து விநாடியில் திரும்பி நடந்துவிடலாம்.

கடல்காத்து | திங்கள், இரவு 7.48

கோபமில்லை, அது உண்மைதான். என்னுடையது பஜ்ஜிக் கடை வரைக்கும் போய்விட்டு வருவான்.

ராஜபாளையத்துக்காரன் | திங்கள், இரவு 7.55

போய்விட்டு வருவானா, கூப்பிட்டால் வருவானா?

கடல்காத்து | திங்கள், இரவு 8.30

பஜ்ஜி இருந்தால் வர மாட்டான்.

சரி, புரிகிறது நீங்கள் கேட்பது. கூப்பிட்டால் திரும்பாத நாயை அவிழ்க்கக் கூடாது என்றால் சென்னையில் ஒரு நாய்கூட ஓட முடியாது. ஓட விட வேலி போட்ட இடம் கொடுங்கள், நான் ஏன் கடற்கரைக்கு வருகிறேன்? பில் விஷயத்தில் என் நிலை மாறவில்லை.

ஸ்காபரோ_அண்ணை | செவ்வாய், காலை 7.02

நான் கனடாவில, டொரோண்டோவில இருக்கிறன். இங்கை பூங்காக்களில நாய் அவிழ்த்துவிடவெண்டே வேலி போட்ட இடங்கள் இருக்கு. அதுக்கு வெளியில கயிறு 2 மீட்டருக்கு மேல போகக்கூடாது. அப்பிடியிருந்தும் "ஹீ இஸ் ஃப்ரெண்ட்லி" எண்டு கத்திற ஆக்கள் இங்கையும் நிறையப் பேர். ஆக, இடம் குடுத்தால் எல்லாம் சரியாகும் எண்டு தம்பி நம்பவேண்டாம்.

பில்லைப் பற்றி: ஒன்ராறியோ சட்டப்படி கடிச்ச நாயின்ரை சொந்தக்காரர்தான் பொறுப்பு. கடிபட்டது மனுசனா இன்னொரு வளர்ப்புப் பிராணியா எண்ட வித்தியாசமில்லை, நாய் முந்திக் கடிச்சதோ இல்லையோ எண்டும் பாக்க மாட்டினம். ஆனால் மற்றாளின்ரை கவலையீனம் எவ்வளவோ, அவ்வளவுக்கு நீதிமன்றம் தொகையைக் குறைக்கும். இங்கையெண்டால் தங்கச்சி பொறுப்பு, ஆனால் அந்தாள் கயிறில்லாமல் விட்டுப்போட்டு போனில நிண்டதையும் கணக்கில எடுப்பினம்.

மாலை_நடை_68 | செவ்வாய், காலை 7.40

நல்ல சட்டம். இரண்டு பேருக்கும் வலிக்கும்.

கடல்காத்து | செவ்வாய், காலை 9.15

ஆக, பொறுப்பு கடித்த நாயுடையவர் மேல்தான் ஆரம்பிக்கிறது. இதைத்தானே நானும் சொன்னேன்.

சோறு_வைக்கிறவள் | செவ்வாய், காலை 9.21

பாதியை மட்டும் படித்துவிட்டுப் போகிறீர்கள் சார்.

மிளகு_வீடு | புதன், இரவு 9.50

பில் அனுப்பியவரிடம் பேசினேன். முழுத் தொகையும் தர மாட்டேன், 2,000 தருகிறேன், அதுவும் நான் வாய்மூடி போடாததற்காக மட்டும் என்றேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. "நாய் பயந்துபோச்சு மேடம், இப்ப கடற்கரைக்கே வரமாட்டேங்குது" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மிளகுக்கும் இப்படித்தானே தொடங்கியிருக்கும்.

கூடை வாங்கிவிட்டேன். இன்னும் மாட்டவில்லை. உள்ளே தயிர் தடவிக் காட்டுகிறேன், அவளாகவே மூஞ்சியை விட்டு நக்கிவிட்டு எடுத்துக்கொள்கிறாள். மூன்றாவது நாள். வாரைக் கட்ட எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்?

ராஜபாளையத்துக்காரன் | புதன், இரவு 10.04

கூடையை எடுத்ததும் வால் ஆட்டிக்கொண்டு ஓடி வருகிற வரைக்கும். எங்கள் பயலுக்கு மூன்று வாரம் ஆனது. வாய்க்கு முன்னால் ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா பாருங்கள், மூக்குத்தண்டில் உரசினால் அளவு தப்பு.

கடல்காத்து | புதன், இரவு 10.31

வாங்கிய கூடை என்ன அளவு? என் தங்கை வீட்டுப் பொமரேனியனுக்குக் கேட்கிறேன். அது ஆளைக் கடிக்கிறது.