ஓடிபி வரவில்லை, அவசரம்! எல்லா போனையும் ஒன்றாக்கப் பார்க்கிறேன்

மழைக்காலம்
வீட்டில் தேவைக்கு மேல் போன்கள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரே போனோடு இருக்கலாம் என்று சிம்களைப் புதிய போனுக்கு மாற்றினேன். இப்போது வங்கி ஓடிபி வரவில்லை. அம்மாவின் மருந்துக்கு இன்றைக்கே காசு அனுப்ப வேண்டும். போனை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன். தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

கடலோரம்
என்ன போன்? எத்தனை சிம், எந்த நெட்வொர்க்? அழைப்புகள் வருகின்றனவா? சாதாரண எஸ்எம்எஸ்?

பெட்டாபொடியன்
வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த போனா? அப்படியென்றால் முதலில் ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண்ணைப் பாருங்கள். *#06# அழுத்தினால் 15 இலக்கம் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு ஐஎம்இஐ காட்டும். எஸ்எம்எஸ்ஸில் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை எழுதி 1909 க்கு அனுப்புங்கள். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். எங்கள் கடைக்கு வரும் சிக்கலில் பாதி இதுதான்.

மூத்தவன்
மாடல் இல்லை, நெட்வொர்க் இல்லை, எந்த எண்ணுக்கு ஓடிபி வரவேண்டும் என்றும் இல்லை. வைத்தியரிடம் போய் "எனக்கு வருத்தம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பதைப் போல இருக்கிறது. கேள்வியை எப்படிக் கேட்பது என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன், யாரும் வாசிப்பதில்லை. சரி, காரணம் எனக்குத் தெரியும். கூகுள் மெசேஜஸ் வங்கிச் செய்திகளைக் குப்பையில் தள்ளிவிடும். செயலியில் மேலே உங்கள் படத்தைத் தொட்டு "ஸ்பாம் அன்ட் புளொக்ட்" திறந்து பாருங்கள்.

மழைக்காலம்
மன்னிக்கவும், வேலையிடத்தில் இருந்து எழுதுகிறேன். சாம்சங், இங்கேயே கடையில் வாங்கியது. 077 என்னுடையது. 072 அப்பா பாவித்தது, இப்போது என் பெயரில். இரண்டுக்கும் அழைப்பு வருகிறது. ஸ்பாமில் ஒன்றும் இல்லை.

தெஹிவளைக்காரன்
072 எதிசலாட் தானே? அந்தக் கம்பனியே இப்போது இல்லை. அதுதான் ஓடிபி வரவில்லை.

பழைய அலைவரிசை
தம்பி, எண் செத்துவிடவில்லை. 072 செல்டெல் காலத்து எண். 1989 இல் செல்டெல் இங்கே சேவை தொடங்கியபோது தெற்காசியாவிலேயே அதுதான் முதல் செல்லுலர் சேவை. அப்புறம் டிகோ ஆனது, பிறகு எதிசலாட். 2018 இல் ஹட்ச் எடுத்தது. பெயர்தான் மாறியது, எண்கள் அப்படியே ஓடுகின்றன. அழைப்பு வருகிறது என்று தங்கச்சியும் எழுதியிருக்கிறாரே. அந்தக் காலத்தில் கொழும்பில் கையில் போன் வைத்திருந்தவரை நின்று பார்த்துவிட்டுப் போவோம். இப்போது ஒரு வீட்டு அலுமாரியில் நான்கு கிடக்கின்றன. மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தெஹிவளைக்காரன்
ஹட்ச்சின் எண் 078 அல்லவா?

பழைய அலைவரிசை
இரண்டுமே அவர்களுடையவைதான்.

கரையோர ஓட்டுநர்
அலுமாரியில் கிடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன், இரண்டு போன் வைத்திருக்கிறேன். ஒன்று வாடகைச் செயலிக்கும் வரைபடத்துக்கும். நாள் முழுக்கத் திரை எரிந்து, வெயிலில் கொதித்து, மாலையில் பற்றரி படுத்துவிடும். மற்றது வீட்டுக்கு. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அப்போது ஒரு நெட்வொர்க்கில் சிக்னல் போனால் மற்ற சிம்மில்தான் வீட்டோடு கதைத்தேன். எல்லாவற்றையும் ஒரே போனில் போட்டு, அது பஸ்ஸில் களவுபோனால் வங்கி, வட்ஸ்அப், வேலை எல்லாம் சேர்ந்தே போகும். தேவைக்கு மேல் என்று எங்கோ இருப்பவர் கணக்குப் போட முடியாது.

கடலோரம்
பாவிக்கிற இரண்டாவது போனை யாரும் குறை சொல்லவில்லை அண்ணா. பாவிக்காமல் கிடப்பதுதான் எனக்குப் பயம். கொழும்பு வெக்கையில் மூடிய லாச்சிக்குள் லித்தியம் பற்றரி வீங்கிப் பின்மூடியைத் தள்ளும், கண்ணால் பார்த்திருக்கிறேன். வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் பாதிச் சார்ஜில் அணைத்து, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள், இடைக்கிடை எடுத்துச் சார்ஜ் போடுங்கள். வீங்கியதைக் குத்தவும் கூடாது, சார்ஜில் போடவும் கூடாது, வீட்டுக் குப்பையோடு போடவும் கூடாது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள்.

கரையோர ஓட்டுநர்
அது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் போனைக் கழிவாகக் கொடுக்க எனக்கு மனம் வராது. ஊரில் படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

பெட்டாபொடியன்
கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அன்ட்ராய்ட் போனை ரீசெட் செய்யும் முன் அமைப்புகளுக்குப் போய் கூகுள் கணக்கை அகற்றுங்கள். பூட்டிக் கிடக்கும் போனைப் பொத்தான்களை அழுத்தி ரீசெட் செய்தால், திரும்ப எழும்பும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். வாங்கிய பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலையும். முதலாம் குறுக்குத் தெருவில் அப்படி வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன், பாவம்.
ஐஎம்இஐ பார்த்தீர்களா தங்கச்சி?

மூத்தவன்
கேட்டவரின் பிரச்சினை ஓடிபி. இங்கே பாதிப் பேர் அலுமாரியைத் துப்புரவு செய்துகொண்டிருக்கிறீர்கள். இங்கேயே கடையில் வாங்கியது என்று அவர் எழுதியதைப் பார்க்காமல் ஐஎம்இஐ என்று நிற்பவருக்குச் சொல்கிறேன்: அழைப்பு வருகிற சிம்முக்கு ஐஎம்இஐ தடையாக இருக்காது. இது அடிப்படை.

நடுநிசி விளக்கு
ஒரே ஒரு கேள்வி. ஓடிபி அனுப்பியாயிற்று என்று வங்கிச் செயலி சொல்லும் திரையில், எந்த எண்ணுக்கு அனுப்பியது என்று நட்சத்திரங்களுக்குப் பிறகு கடைசி இரண்டு மூன்று இலக்கம் காட்டும். அது உங்கள் 077 இன் கடைசி இலக்கமா, 072 இன் கடைசி இலக்கமா?
சிம் நல்லது, போன் நல்லது, ஸ்பாமிலும் இல்லை என்றால் செய்தி வேறு எங்கோ போகிறது. பல போன் வைத்திருந்த வீடுகளில் இதுதான் நடக்கும். கணக்குத் திறந்த காலத்தில் எந்த சிம் கையில் இருந்ததோ அந்த எண்ணைத்தான் வங்கியில் எழுதிக் கொடுத்திருப்போம். போன்களைக் குறைப்பதற்கு முன் எண்களை வரிசைப்படுத்த வேண்டும்: வங்கி எதில், வட்ஸ்அப் எதில், மின்னஞ்சலின் மீட்பு எண் எது, பிள்ளைகளின் பாடசாலையில் எந்த எண். #132# அடித்தால் உங்கள் அடையாள அட்டையில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். மறந்துபோன ஒன்று அதில் நிற்கக்கூடும்.
வட்ஸ்அப்புக்காக இரண்டாவது போன் வைத்திருந்தால் அதுவும் தேவையில்லை. 2023 இலிருந்து அன்ட்ராய்டில் ஒரே செயலியில் இரண்டு கணக்கு வைக்கலாம். இரண்டாவது எண்ணை உறுதிசெய்யும் நேரத்தில் அந்த சிம் எங்காவது உயிரோடு இருந்தால் போதும்.

தெஹிவளைக்காரன்
நானும் #132# அடித்துப் பார்த்தேன். எனக்கே தெரியாமல் ஒன்று கூட இருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

நடுநிசி விளக்கு
அந்த நெட்வொர்க்கின் வாடிக்கையாளர் நிலையத்துக்கு அடையாள அட்டையோடு போய், உங்களுடையது இல்லையென்றால் துண்டிக்கச் சொல்லுங்கள். தள்ளிப்போடாதீர்கள், உங்கள் பெயரில் யாரோ பேசிக்கொண்டிருக்கலாம்.

மழைக்காலம்
கடைசி இலக்கம் இரண்டு எண்ணுக்கும் பொருந்தவில்லை. பழைய பொத்தான் போனில் இருக்கும் 075 அது. சார்ஜ் போட்டதும் எல்லா ஓடிபியும் வரிசையாக வந்து விழுந்தன. காசு அனுப்பியாயிற்று. எல்லோருக்கும் நன்றி, விசேடமாக நடுநிசி விளக்கு அண்ணாவுக்கு. அந்த சிம்மை இனி எறியலாமா?

மூத்தவன்
எந்த எண் என்று முதலிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு நீண்டிருக்காது.

நடுநிசி விளக்கு
இப்போதைக்கு எறியாதீர்கள். முதலில் வங்கிக் கிளைக்கு அடையாள அட்டையோடு போய் எண்ணை 077 க்கு மாற்றுங்கள். சிறு தொகை ஒன்று அனுப்பி, ஓடிபி 077 க்கு வருகிறதா என்று பாருங்கள். அதுவரை 075 க்கு ரீலோட் போட்டு உயிரோடு வைத்திருங்கள். நெடுநாள் ரீலோட் போடாவிட்டால் எண்ணைத் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்போது உங்கள் ஓடிபி அவர் கைக்குப் போகும்.