சூடானபின் ஸ்டார்ட் ஆகாத டர்போ டீசல் கார்

கேள்வி: என் டர்போ டீசல் கார் காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது; நெடுந்தூரம் ஓடி நின்றபின் சில வேளைகளில் ஸ்டார்ட்டர் சுழன்றும் எஞ்சின் பிடிப்பதில்லை. மேடேறும்போது இழுவையும் திடீரெனக் குறைகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

பதில் 1: பெரும்பாலும் வெவ்வேறு கோளாறுகள். எஞ்சின் பிடிக்காத அந்த வேளையிலேயே ஸ்கேனரை (காரின் கணினித் தகவலைக் காட்டும் கருவி) இணைத்து, ஸ்டார்ட்டர் சுழலும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) பூஜ்யமாகவே நின்றால் அந்தச் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரையும், ஆர்பிஎம் காட்டியும் ரெயில் அழுத்தம் (டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கும் குழாயின் அழுத்தம்) தேவையான அளவுக்கு ஏறாமல் நின்றுவிட்டால் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் கசிவையும் (எரியாமல் திரும்பிச் செல்லும் டீசல்) சோதியுங்கள். ஆறியபின் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

பதில் 2: இழுவை குறைகிறது என்பதற்காக டர்போவை (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் பாகம்) மாற்ற அவசரப்படாதீர்கள். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கழன்றிருக்கிறதா, டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குச் செல்லும் வேக்கம் (வெற்றிட) குழாயில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பதில் 3: ஒரே காரணமும் சாத்தியமே. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தால் மேட்டில் ரெயில் அழுத்தம் சரிந்து, ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எஞ்சினின் திறனைத் தானே குறைத்துவிடும்; அதே அழுத்தக் குறைவால் ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம்.