இன்ஃபினிடிவ், ஜெரண்ட்: முதனிலை வினை, இங்கீற்று வினை என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஆங்கில இலக்கணத்தில் 'டு கோ' போன்ற வடிவமான இன்ஃபினிடிவ், பெயர்போல நிற்கும் 'கோயிங்' போன்ற வடிவமான ஜெரண்ட் இரண்டுக்கும் தமிழ் கேட்டுத் தொடங்கிய இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்துவிட்டேன். கேட்டவர் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணக் கையேடு எழுதுகிறார். அவருக்கு வேண்டியது அகராதிக்கு அழகு சேர்க்கும் சொல் அன்று; 'என்ஜாய்' என்ற வினைக்குப் பின்னால் 'டு' போடுவதா, 'இங்' போடுவதா என்று தடுமாறும் பிள்ளைக்குக் கைகொடுக்கும் சொல். நானும் ஆங்கிலம் கற்பிப்பவன். அந்த அளவுகோலை வைத்தே எல்லாவற்றையும் பார்க்கிறேன்.

'முடிவிலி வினை' என்பதை உடனே ஒதுக்கிவிடலாம். முடிவிலி கணிதத்தில் வேரூன்றிவிட்ட சொல். அங்கே அது எல்லையற்றதைக் குறிக்கிறது. லத்தீன் இலக்கணக்காரர்கள் கருதியது வேறு: இன்ன இடம், இன்ன எண் என்று வரையறுக்கப்படாத வினை. 'ஹீ கோஸ்' என்றால் படர்க்கை ஒருமை தெரிகிறது. 'டு கோ' என்றால் யார், எத்தனை பேர் என்று ஒன்றும் தெரிவதில்லை. இதை உள்வாங்கிக்கொண்டு 'வரையா வினை' என்று ஒருவர் சொன்னது எவ்வளவோ மேல். ஆனால் 'கோயிங்' மட்டும் எதை வரையறுத்துக் காட்டுகிறது? அதுவும் இடம், எண் காட்டாத வினைதான். இரண்டுக்கும் பொருந்தும் பெயரால் இரண்டையும் பிரிக்க முடியாது. முற்றுவினைக்கு எதிரான மொத்தக் குடும்பத்துக்கும் ஒரு பெயர் வேண்டுமே, அங்கே வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் 'முற்றா வினை' என்பதே எனக்குத் தெளிவாகப் படுகிறது.

அதிக ஆதரவு பெற்றிருப்பது இன்ஃபினிடிவுக்கு வினையெச்சம், ஜெரண்டுக்குத் தொழிற்பெயர் என்ற இணை. பிள்ளைகள் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படித்த சொற்கள் என்பது இதன் பெரும் பலம். அந்தப் பலம் எவ்வளவு உண்மையானது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள். 'ஹீ ஸ்டாப்டு டு ஸ்மோக்' என்றால், நடந்துகொண்டிருந்தவர் புகைக்க நின்றார். 'ஹீ ஸ்டாப்டு ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை நிறுத்திவிட்டார். முதலாமவர் கையில் சிகரெட் இருக்கிறது. இரண்டாமவர் அதை விட்டொழித்துவிட்டார். ஆங்கிலத்தில் ஒரே 'ஸ்டாப்', தமிழில் நின்றார், நிறுத்தினார் என்று இரண்டாகப் பிரிகிறது. உடன் வரும் சொல்லும் 'புகைக்க', 'புகைப்பதை' என்று மாறுகிறது. இன்னொன்று: 'ஐ வில் நெவர் ஃபர்கெட் டு மீட் யூ' என்பது உங்களைச் சந்திக்க ஒருபோதும் மறக்க மாட்டேன், 'ஐ வில் நெவர் ஃபர்கெட் மீட்டிங் யூ' என்பது உங்களைச் சந்தித்ததை ஒருபோதும் மறக்க மாட்டேன். சந்திக்க, சந்தித்ததை. ஆங்கிலம் செய்யும் வேறுபாட்டைத் தமிழ் தன் வழியில் அப்படியே செய்துகாட்டுகிறது. இந்த இரண்டையும் கரும்பலகையில் எழுதிப்போட்டால் ஆங்கில விதியை மனப்பாடம் செய்யாமலே பிள்ளை பிடித்துக்கொள்கிறது. கையேட்டின் முதல் பக்கமே இதுவாக இருக்கலாம்.

ஆனால் இரண்டாம் பக்கத்திலேயே இந்த இணை அறுந்துபோகிறது.

'திஸ் ஷர்ட் நீட்ஸ் வாஷிங்'. தமிழில் இந்தச் சட்டையைத் துவைக்க வேண்டும். ஆங்கிலத்தில் இங் வடிவம். தமிழில் வந்ததோ 'துவைக்க' என்ற செய எச்சம், அதாவது 'செய' என்ற வாய்பாட்டில் வரும் வினையெச்சம். 'ட்ரை ஓப்பனிங் த விண்டோ' என்றால் சன்னலைத் திறந்து பார். இங்கே தொழிற்பெயரும் இல்லை, செய எச்சமும் இல்லை. செய்து எச்சம் வந்து நிற்கிறது. ('ட்ரை டு ஓப்பன்' என்றால் மட்டுமே திறக்க முயற்சி செய். முன்னது திறந்தால் காற்று வருமா என்ற சோதனை. பின்னது சன்னல் திறக்குமா என்ற போராட்டம்.) 'டு' வருகிற இடங்களிலும் இதே கதைதான். 'டு வெயிட் இஸ் டிஃபிகல்ட்' என்பதைக் காத்திருப்பது கடினம் என்றுதான் சொல்வோம். இன்ஃபினிடிவ் என்றால் வினையெச்சம் என்று படித்த பிள்ளை 'காத்திருக்க கடினம்' என்று எழுதிவிட்டு விழிக்கும். மீன் நீந்துகிறது என்ற எளிய செய்தியைக்கூடப் பாருங்கள்: 'ஸ்விம்மிங் ஃபிஷ்' என்றால் நீந்தும் மீன், பெயரெச்சம். 'ஸ்விம்மிங் பூல்' என்றால் நீச்சல் குளம்; அங்கே நீந்துவது குளம் அன்று. ஆங்கிலத்தின் ஒரே வடிவத்தைத் தமிழ் தொழிற்பெயர், பெயரெச்சம், வினையெச்சம் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்த மூன்றில் ஒன்றின் பெயரைத் தூக்கி முழு வடிவத்துக்கும் சூட்டினால் மற்ற இரண்டும் பெயரில்லாமல் நிற்கும்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 'ரிக்ரெட் சேயிங்' என்றால் சொன்னதற்கு வருந்துவது. 'அவாய்ட் சேயிங்' என்றால் சொல்வதைத் தவிர்ப்பது. இங் வடிவம் தானாகக் காலம் காட்டாது. தமிழோ சொன்னது, சொல்வது என்று காலத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சொல்லுதல், சொல்லல் போன்ற காலம் காட்டாத தொழிற்பெயர்கள் நம்மிடம் உண்டு. அவற்றுக்கு 'தல்' முதலான பல விகுதிகளைப் பிற்கால இலக்கண நூல்கள் அடுக்கிச் சொல்கின்றன. ஆனால் 'சொல்லுதலுக்கு வருந்துகிறேன்' என்று யாரும் எழுதுவதில்லை.

ஜெரண்ட் என்ற பெயரிலேயே ஒரு பழைய குழப்பம் இருப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சமஸ்கிருத இலக்கணத்தை ஆங்கிலத்தில் எழுதியவர்கள், 'போய்' என்று பொருள்படும் 'கத்வா' போன்ற வடிவங்களை ஜெரண்ட் என்று அழைத்தார்கள்; 1879இல் வெளிவந்த விட்னியின் இலக்கணத்தில் அப்படித்தான் இருக்கிறது. அது நம் செய்து எச்சத்துக்கு நேரான வடிவம், தொழிற்பெயர் அன்று. எனவே, ஒப்பிலக்கண நூல்களில் ஜெரண்ட் என்று கண்ட இடமெல்லாம் தொழிற்பெயர் என்று மாற்றிக்கொண்டே போகிற மொழிபெயர்ப்பாளர் பாதி இடங்களில் தவறான பொருளைத் தருவார். நம் கலைச்சொல் ஆங்கில இலக்கணத்தின் ஜெரண்டுக்கு மட்டுமே என்று குறிப்பு எழுதாமல் எந்தப் பட்டியலிலும் ஏற்றக் கூடாது.

அடுத்து, பொருளை வைத்துப் பெயரிடலாம் என்ற பரிந்துரை: டு வடிவத்துக்கு 'முன்னோக்கு வினை', இங் வடிவத்துக்கு 'நிகழ்வு வினை'. இதில் எனக்கு மயக்கம் உண்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதன் பின்னால் வரலாறு இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இன்ஃபினிடிவுக்கு 'டு' கிடையாது; 'அன்' என்ற ஈறே அதன் அடையாளம். அதோடு நான்காம் வேற்றுமை ஈறு ஏற்ற இன்னொரு வடிவமும் இருந்தது. 'டு' என்ற முன்னிடைச்சொல் அதற்கு முன்னால்தான் வந்தது. ஊருக்குப் போ என்பதில் உள்ள 'கு' எந்தப் பக்கம் கை நீட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் அதுவும் நீட்டியது: செய்வதை நோக்கி. ஈறுகள் தேய்ந்து விழுந்த பிறகு 'டு' மட்டும் மிஞ்சியது. வினையெச்ச வாய்பாடுகளைச் சொல்லும்போது தொல்காப்பியர் 'செயற்கு' என்பதையும் ஒன்றாக வைத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். தொடர்பே இல்லாத இரு மொழிகள், நோக்கத்தைச் சொல்ல ஒரே வேற்றுமையின் துணையைத் தேடியிருக்கின்றன. வான்ட், ஹோப், டிசைட், ப்ராமிஸ், ரெஃப்யூஸ் என இனி நடக்கப்போவதைப் பற்றிய வினைகள் எல்லாம் 'டு' கேட்பதன் காரணம் இதில் பெருமளவு விளங்கிவிடுகிறது. என்ஜாய், ஃபினிஷ் போன்றவை நடக்கிற அல்லது நடந்த ஒன்றைப் பற்றியவை, அதனால் இங்.

ஆனாலும் விதிவிலக்குகள் நிறைய. 'ஐ மேனேஜ்டு டு ஓப்பன் இட்' என்றால் ஒருவழியாகத் திறந்துவிட்டேன். நடந்து முடிந்த செயலுக்கு 'டு' வந்திருக்கிறது. 'சஜஸ்ட் கோயிங்' என்றால் போகலாம் என்று சொல்வது. இன்னும் யாரும் கிளம்பவே இல்லை, இருந்தும் இங். அவாய்ட், கன்சிடர் ஆகியவையும் அப்படியே. பொருள் விளக்கம் ஆசிரியர் வாயால் சொல்ல நல்லது, பெயருக்குள் அடைக்க நல்லதன்று. பெயர் பொய் சொல்லும் இடம் வந்ததும் பிள்ளை ஆசிரியரின் மற்ற விதிகளையும் நம்பாமல் போய்விடும்.

அப்படியானால் எதை வைத்துப் பெயரிடுவது? இதற்கு நம் இலக்கண மரபே வழி காட்டுகிறது. வினையெச்சங்களுக்குத் தொல்காப்பியர் பொருள்வழிப் பெயர் சூட்டவில்லை. செய்து, செய்யூ, செய்பு, செய்தென, செய்யியர், செய்யிய, செயின், செய, செயற்கு என்று ஒன்பது வடிவங்களைச் செய் என்ற ஒரே வினையில் வார்த்துக் காட்டிவிட்டார். நன்னூலார் பன்னிரண்டு சொன்னார், முறை அதேதான். வடிவத்துக்கு வடிவத்தாலே பெயர். அது தொடரில் என்ன வேலை செய்கிறது என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டாததால்தான் 'செய' எச்சம் காரணம், காரியம், நிகழ்காலம் என்று பல பொருளில் வந்தாலும் பெயர் மாறாமல் நிற்கிறது. ஆங்கில இலக்கணக்காரர்களும் இப்போது இந்தப் பக்கம்தான் நடக்கிறார்கள். 1985இல் குவர்க் குழுவினரின் பேரிலக்கணம், பெயரின் பக்கம் சாய்வது முதல் வினையின் பக்கம் சாய்வது வரை இங் வடிவத்தின் பயன்பாடுகளை ஒரே சரிவில் வரிசையாக வைத்துக் காட்டியது. 2002இல் ஹட்டில்ஸ்டனும் புல்லமும் ஜெரண்ட், பார்ட்டிசிபிள் (எச்சம்போல வரும் இங் வடிவம்) என்ற பிரிவையே விட்டுவிட்டு இரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாகப் பெயரிட்டார்கள். இன்ஃபினிடிவ் என்று தனி வடிவம் இல்லை, வினையின் வெறும் வடிவம்தான் அங்கே வருகிறது என்றும் கொண்டார்கள்.

எனவே என் முன்மொழிவு இது. இன்ஃபினிடிவ் என்பதற்கு 'முதனிலை வினை'. விகுதி எதுவும் ஏற்காத வினையடியை முதனிலை என்கிறோம். 'அடி விழுந்தது' என்பதில் உள்ள 'அடி' முதனிலைத் தொழிற்பெயர் என்று பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தின் கோ, ஈட், ரைட் எல்லாம் அப்படி விகுதி ஏற்காமல் நிற்பவை. 'லெட் ஹிம் கோ' என்பதில் வருவது வெறும் முதனிலை; 'வான்ட் டு கோ' என்பதில் வருவது டு சேர்ந்த முதனிலை. ஆங்கில ஏவலும் இதே வடிவம்தானே, குழம்பாதா என்று கேட்கலாம். தமிழிலும் 'செய்' என்பது வினையடியாகவும் ஏவல் ஒருமையாகவும் நிற்கிறது, பிள்ளைகள் குழம்பவில்லை.

இங் வடிவத்துக்கு 'இங்கீற்று வினை'. தமிழ்ச் சொல் எதுவும் ங் என்ற மெய்யில் முடியாதே, அதை எப்படிப் புணர்ப்பது என்று யாராவது கட்டாயம் கேட்பீர்கள். மக்கள் ஏற்கெனவே புணர்த்துவிட்டார்கள்: மீட்டிங்கில், பார்க்கிங்கில், பில்டிங்கை. ககரம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இங் + ஈறு இங்கீறு ஆவது அதே வழியில்தான்.

இதன் மேல் பழைய பெயர்களை வேலைப் பெயர்களாக ஏற்றிக்கொள்ளலாம். ஜெரண்ட் என்றால் இங்கீற்றுத் தொழிற்பெயர். நீந்தும் மீனில் வருவது இங்கீற்றுப் பெயரெச்சம். சத்தம் கேட்டு ஓடினான் என்ற பொருளில் தொடரின் தலையில் வரும் 'ஹியரிங்' இங்கீற்று வினையெச்சம். சொல் நீளம் என்பவர்களுக்கு: கையேட்டில் விதி எழுதும் இடங்களில் முதல் பகுதி மட்டும் போதும். 'என்ஜாய், ஃபினிஷ், அவாய்ட், சஜஸ்ட் ஆகியவற்றை அடுத்து இங்கீறு வரும். வான்ட், ஹோப், டிசைட் ஆகியவற்றை அடுத்து டு முதனிலை வரும்.' இதில் குழப்பமே இல்லை, இங்கே தமிழ் இணையைத் தேடவும் வேண்டியதில்லை.

முடிவாகாமல் நிற்பது ஒன்று, அதற்கு உங்கள் கருத்து வேண்டும். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்ற தொடரை 'டு மீட்' என்று எழுதாத மாணவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அங்கே உள்ள 'டு' முதனிலையோடு வரும் டு அன்று. பெயரோடு சேரும் முன்னிடைச்சொல், நம் நான்காம் வேற்றுமை உருபு போல. அதனால்தான் பின்னால் இங்கீற்றுத் தொழிற்பெயர் வருகிறது. 'யூஸ்டு டு லிவ்' என்றால் முன்பு வாழ்ந்துவந்தேன். 'ஆம் யூஸ்டு டு லிவிங்' என்றால் வாழப் பழகிவிட்டேன் என்பதற்கும் இதுவே காரணம். இரண்டு டுவுக்கும் இரண்டு பெயர் இருந்தால் இந்தப் பிழையை நேராகத் தடுக்கலாம். பெயரோடு வருவதை 'உருபு டு' என்றும் வினையோடு வருவதை 'வினை டு' என்றும் தற்காலிகமாக எழுதிவருகிறேன். வகுப்பில் இவை வேலை செய்கின்றன. ஆனால் 'டு' வரலாற்றில் இரண்டும் ஒரே உருபாக இருந்தவை என்பதால் இலக்கணம் தெரிந்தவர்கள் மறுக்கக்கூடும். விக்சனரியில் ஏற்றுவதற்கு முன் மாற்றுச் சொல் இருந்தால் தெரிவியுங்கள்; முதனிலை வினை, இங்கீற்று வினை இரண்டுக்கும் மறுப்பு இருந்தாலும் அந்தச் சொல் உடையும் ஆங்கிலத் தொடரோடு சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்